பின்னணிப் பாதங்கள்

தகரக் கூரையில் மழை விழுந்தால்
ஒலிப்பதிவு நிற்கும்.
லண்டனுக்கு வெளியே அந்த ஸ்டூடியோவில்
நவம்பர் மழை, யாரோ கூலிக்கு அமர்த்தியதுபோல் பெய்தது.
காத்திருந்தோம்:
நான், ஒரு சதுரப் பலகை,
கழி நுனியில் மைக்கைக் கட்டிப் பிடித்திருந்த
சிரில் ஆக்ராய்ட்.
தேநீர் வரும், கரண்டி வராது.
எந்தச் சின்னச் சத்தத்தையும் விடாது அந்தக் கருவி.
முந்தின வாரம் என் வயிற்றுப் பசியைப்
பதிவுசெய்து எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள்.

என் பெயர் ஹில்டா கிரிம்ஷா. ஊர் பர்ன்லி.
பதினாலு வயதில் பருத்தி ஆலை.
தறி இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது,
உதட்டைப் பார்த்தே வம்பளப்போம்.
குளிர் ஏறாமலிருக்க
மரக்கட்டைச் செருப்பால்
தறி சொன்னதைத் தரைக்குத் திருப்பிச் சொல்வோம்.
நான் ஆடக் கற்றது அவ்வளவுதான்.

மிஸ் டெல்ஃபின் ஆஷ்
படிக்கட்டில் ஆடுவாள், பியானோ மேல் ஆடுவாள்,
ஒரு முறை கப்பலின் விளிம்பிலேகூட.
ஆனால் சுற்றிலும் கேமரா உறுமும்,
இயக்குநர் கத்துவார்,
பளிங்கு என்று நீங்கள் நம்பும் தரை
வெறும் ரப்பர்.
பாட்டுக்கு ஒரு தொண்டையை இரவல் வாங்கினார்கள்,
காலுக்கு என்னை.

சிவப்பு விளக்கு.
திரையில் ஆள் உயரக் கணுக்கால்கள்.
கீழே பலகையில் நான்,
முழங்கையில் கிழிந்த கார்டிகனோடு.
மணல் தூவித் தேய்த்தால் அவள் தயங்குகிறாள்.
குதிகாலை ஊன்றினால் கோபித்துக்கொள்கிறாள்.
முகத்தை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
அவள் கண் என்ன நிறமென்று இன்றைக்கும் தெரியாது.
கறுப்பு வெள்ளைப் படம்,
அது உங்களுக்கும் தெரிந்திருக்காது.

நாற்பது முறை ஓட்டிய பிறகுதான் கவனித்தேன்:
படிக்கட்டின் கடைசிச் சுழற்சியில்
இடது கால் தரையைத் தொடவே இல்லை.
தொட வந்து,
ஏதோ நினைவுக்கு வந்தாற்போல்
காற்றிலேயே திரும்பிவிட்டது.
வலி.
ஆலையில் எத்தனை கால்களைப் பார்த்திருக்கிறேன்,
எனக்கா தெரியாது?

"அங்கே ஒரு தட்டு குறையுது, ஹில்டா."
"குறையலை. அவ போடலை."
"இசைக்குழு போட்டாச்சே" என்றார் சிரில்,
காதிலிருந்து ஹெட்போனைக்கூட எடுக்காமல்.

போட்டேன்.
நாளுக்கு இரண்டு பவுண்டு,
பொய்ச் சாட்சிக்கு அது நல்ல விலை.

படம் பர்ன்லிக்கு வந்தது.
பக்கத்தில் ஐவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
அந்த இடத்தில் கொட்டகை முழுக்கக் கைதட்டியது,
"அம்மாடி, என்ன காலு!" என்றாள் ஐவி,
சுளையை என்னிடம் நீட்டியபடி.
அது என் கால் என்று சொல்ல வாயெடுத்து
சுளையை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.
அந்த ஒரு தட்டு மட்டும்
ஊருக்கே கேட்கும்படி உரக்க விழுந்திருந்தது.
மற்றதெல்லாம் அவள் ஆடினாள், நான் ஒலித்தேன்.
அதை யாருமே ஆடவில்லை.

அடுத்த வருஷம், அடுத்த படம்.
லண்டனில் முதல் காட்சி இரவு,
கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டத்தோடு நானும்.
காரின் கதவு திறந்தது.
வெள்ளிச் செருப்பு வெளியே வந்தது, வலது.
பிறகு இடது:
கம்பளத்துக்கு ஓர் அங்குலம் மேலே
ஒரு நொடி நின்றது.
அதே இடம். அதே பயம்.

யோசிக்கவில்லை நான்.
நடைபாதைக் கல்லில்
என் குதிகால் தானாக விழுந்தது,
ஒரே ஒரு தட்டு.
அவளும் காலை ஊன்றினாள்.

திரும்பிப் பார்த்தாள் என்று முடித்தால் நன்றாக இருக்கும்.
பார்க்கவில்லை.
அத்தனை பேர் அவள் பெயரைக் கத்தும்போது
என்ன கேட்டிருக்கும்?
மழை பிடித்துக்கொண்டது.
யாரும் எதையும் நிறுத்தவில்லை.